தேவானை ஏழாம் வகுப்பு வரை

தேவானை ஆறாம் வகுப்பில் மூன்றாவது வருஷமாக உட்கார்ந்திருந்தபோதுதான் மீனாட்சி அந்தப் பள்ளிக்கூடத்தில் வந்து சேர்ந்தாள். தியாகராய நகரில் அது ஒரு பெண்கள் பள்ளி. வருஷம் 1967. தேவானைக்கு அப்போது பதின்மூன்று வயது. வகுப்பில் மற்ற பெண்களைவிட ஒரு தலை உயரம். தினமும் அடிகுழாயில் தண்ணீர் அடித்துக் குடம் குடமாகத் தூக்கியதில் தோளும் கையும் பெரிய மனுஷிக்கு இருப்பது போல இருக்கும். நந்தனத்துக்குப் பின்னால் அடையாற்றுக் கரைக் குடிசைகளிலிருந்து நடந்து வருவாள். அப்பா சுப்புராயன் கை ரிக்‌ஷா இழுத்தார். அம்மா கன்னியம்மா நாலு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள்.

அவளுக்குப் படிப்பு ஏறவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அது முழுக்க நிஜமில்லை. டீச்சர் ஒரு செய்யுளை இரண்டு தடவை வாசித்தால் போதும், தேவானை அதைத் திருப்பிச் சொல்லிவிடுவாள். புத்தகத்தைத் திறந்து அதே செய்யுளைக் காட்டினால் ஒன்றும் தெரியாது. எழுத்துகள் அவள் கண்ணுக்குப் பிடிபடவே இல்லை. பரீட்சைகளோ எல்லாம் எழுதுகிற பரீட்சைகள். வகுப்பு டீச்சர் சுலோச்சனா முதல் வருஷம் அடித்துப் பார்த்தார், இரண்டாம் வருஷம் திட்டிப் பார்த்தார், மூன்றாம் வருஷம் கடைசி பெஞ்சில் சுவர் ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு மற்ற ஐம்பது பேரைக் கவனிக்கப் போய்விட்டார்.

மீனாட்சி வேறு மாதிரி வீட்டுப் பெண். அப்பா பொன்ராஜ் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து ரங்கநாதன் தெருவில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்தவர். கடைக்கு மேல் மாடியிலேயே வீடு. மீனாட்சிக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிவிட்டது. இரும்புக் கம்பியும் தோல் பட்டையும் வைத்த செருப்பு போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துக் கொஞ்ச தூரம் நடப்பாள். அதுவரை வீட்டிலேயே வாத்தியார் வைத்துப் படித்தவள். படிப்பில் படு சூட்டிகை. பள்ளிக்கூடம் போயே தீருவேன் என்று அழுது சாதித்துத்தான் வந்திருந்தாள்.

முதல் நாள் கடைப் பணியாள் முருகையன் அவளைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துக் கொண்டு வந்தார். பெண்கள் பள்ளி என்பதால் ஆண்களை உள்ளே விடவில்லை. வாசல் ஆயா அவளை மாடிப்படி அடிவரை கூட்டிவந்து விட்டுவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டாள். ஆறாம் வகுப்பு மாடியில். மணி அடித்தது, எல்லோரும் ஓடி ஏறினார்கள். மீனாட்சி கீழ்ப்படியில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எப்போதும் போலத் தாமதமாக வந்த தேவானை அவளைப் பார்த்தாள்.

"இன்னா மே, ஒக்காந்துகினு கீற? பெல் அட்ச்சிட்டாங்க."

மீனாட்சி பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினாள். தேவானை அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி முதுகைக் காட்டிக் குந்தினாள். "ஏறு" என்றாள்.

அப்படி ஒரு சுமையோடு தேவானை உள்ளே நுழைந்ததும் வகுப்பே சிரித்தது. காலை நீட்டி வைக்க இடம் வேண்டும் என்பதால் மீனாட்சிக்கும் கடைசி பெஞ்சில்தான் இடம் கிடைத்தது. வகுப்பின் முதல் மாணவியும் கடைசி மாணவியும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று.

முதல் சில நாட்கள் மீனாட்சிக்குப் பயமாகத்தான் இருந்தது. தேவானை சட்டென்று கையை ஓங்குவாள். வாயில் வராத பேச்சு கிடையாது. மத்தியானம் மீனாட்சியின் சாப்பாட்டு அடுக்கைத் திறந்து, கேட்காமலே கருவாட்டை எடுத்துத் தின்றுவிடுவாள். ஆனால் மணி அடிக்கிற நேரத்துக்கு மாடிப்படி அடியில் நின்றாள். அதற்காகவே சீக்கிரம் வரத் தொடங்கினாள்.

மீனாட்சியை யாரும் விளையாட்டுக்குச் சேர்த்துக்கொண்டதில்லை. வீட்டில் அவளைக் கண்ணாடிச் சாமான் மாதிரி வைத்திருந்தார்கள். ஒருநாள் இடைவேளையில் பெண்கள் தரையில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். தேவானை அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். இரண்டு பேராக ஆடக்கூடாது என்று மற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

"காலு என்துது, கண்ணு அவ்ளுது. ரெண்டும் சேந்து ஒரு ஆளுதான்" என்றாள் தேவானை.

அவளோடு அடித்துச் சண்டை போட யாருக்கும் தைரியமில்லை. மீனாட்சி முதுகிலிருந்து சில்லை எறிந்தாள், தேவானை ஒற்றைக் காலில் தாவினாள். அன்றைக்கு அவர்கள் ஜெயிக்கவில்லை. கீழே விழுந்து இருவருக்கும் முட்டி பெயர்ந்தது. வீட்டில் அம்மா பேச்சியம்மாள் மகளின் முட்டிக் காயத்தைப் பார்த்துப் பதறி, யார் தள்ளிவிட்டது என்று கேட்டாள். நானாகவே ஓடி விழுந்தேன் என்று மீனாட்சி சொன்னாள். அந்தப் பொய்யைச் சொன்னபோது அவளுக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

தேவானைக்கு எழுத்து ஏன் வரவில்லை என்று முதலில் கண்டுபிடித்தது மீனாட்சிதான். தேவானை தன் பெயரையே தப்பாக எழுதுவாள். 'தே' எழுதச் சொன்னால் முதலில் 'த' போட்டு, கொம்பை அதற்குப் பின்னால் போடுவாள். இதற்கு எத்தனையோ அடியும் திட்டும் வாங்கியிருக்கிறாள். ஏன் இப்படி எழுதுகிறாய் என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. மீனாட்சி கேட்டாள்.

"வாயில 'த' தானே மொதல்ல வருது? ஏ சத்தம் அப்பால தானே? அப்ப கொம்ப இன்னாத்துக்கு முன்னாடி போடுறாங்க?"

மீனாட்சி தன் வாயால் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். தேவானை சொன்னது சரிதான். அதற்குப் பதில் மீனாட்சிக்குத் தெரியவில்லை. கொம்பு என்பது வாசலில் நிற்கிற காவலாள் மாதிரி, ஆள் வருவதற்கு முன்னாலேயே வந்து நின்றுவிடுவான் என்று தோன்றியதைச் சொல்லி வைத்தாள். தேவானைக்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்த நாளிலிருந்து கொம்பு சரியான இடத்தில் நின்றது.

அப்படி ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கதை வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் 'னை' என்ற எழுத்தைத் தும்பிக்கை தூக்கிய மாதிரி ஒரு சுழி போட்டு எழுதுவார்கள். தேவானையின் பெயரில் கடைசி எழுத்து அது. உன் பெயர் யானை மாதிரி முடிகிறது என்று மீனாட்சி சொன்னதும், தேவானை பெஞ்சு, சுவர், கை எங்கும் அந்த ஒரே எழுத்தை எழுதித் தள்ளினாள். ப, ம, ய மூன்றும் அவளுக்கு ஒன்றுபோலத் தெரிந்தன. மீனாட்சி அவள் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டுவாள். தேவானை கண்ணை மூடிக்கொண்டு கூச்சத்தில் நெளிந்தபடி எது என்று சொல்வாள். கண்ணைவிடத் தோல் அவளுக்குச் சீக்கிரம் கற்றுக்கொண்டது. வகுப்பில் டீச்சர் கணக்கு நடத்திக்கொண்டிருக்கும்போது பெஞ்சுக்கு அடியில் இது நடந்தது. சுலோச்சனா டீச்சர் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்.

அந்த வருஷம் முழுப் பரீட்சையில் தேவானை தமிழில் தேறினாள். மற்றவற்றில் இல்லை. சுலோச்சனா டீச்சர் தலைமை ஆசிரியையிடம் வாதாடி அவளை ஏழாம் வகுப்புக்கு ஏற்றிவிட்டார். சுப்புராயன் அன்று மகளைத் தன் ரிக்‌ஷாவில் உட்கார வைத்துப் பாண்டி பஜார் முழுக்க இழுத்துப் போனாராம். தேவானை இதை மீனாட்சியிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள்.

ஏழாம் வகுப்பில் ஐப்பசி மாத மழை பிடித்துக்கொண்ட ஒருநாள், முருகையன் வரவில்லை. கடைக்குள் தண்ணீர் புகுந்து, சாமான்களை மேலே ஏற்றும் அவசரத்தில் அவரால் கிளம்ப முடியவில்லை. பள்ளி காலியாகிவிட்டது. இருட்டிக்கொண்டு வந்தது. தேவானை மீனாட்சியை முதுகில் ஏற்றிக்கொண்டு, இருவர் தலையையும் ஒரு கோணிக்குள் மூடிக்கொண்டு கிளம்பினாள்.

பனகல் பார்க் பக்கம் முழங்கால் தண்ணீர். தேவானை கால் வைத்துப் பார்த்துப் பார்த்து நடந்தாள். பயம் தெரியாமல் இருக்க மீனாட்சி முதுகிலிருந்தபடியே கடைப் பெயர்ப் பலகைகளைக் காட்டி, படி படி என்று தொந்தரவு செய்துகொண்டு வந்தாள். தேவானை மூச்சு வாங்க ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். உஸ்மான் ரோடு திரும்பும் இடத்தில் ஒரு பலகை. அவள் அதன் முன் நின்றுவிட்டாள். மழை நீர் முகத்தில் வழிய, உதடு அசைய, நின்றுகொண்டே இருந்தாள்.

"வளையல் கடை" என்றாள். பிறகு, "மீனா, நீ சொல்லித் தரவேயில்ல. நானே பட்ச்சிட்டேன்" என்றாள்.

இருவரும் வீடு போய்ச் சேர்ந்தபோது பேச்சியம்மாள் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். மகளை இறக்கிய கையோடு தேவானையையும் இழுத்து அணைத்து, தன் முந்தானையால் அவள் தலையைத் துவட்டினாள். சூடாகச் சுக்குக் காப்பி கொடுத்து, இட்லி வைத்து, மாற்றிக்கொள்ள மீனாட்சியின் அக்காவுடைய பாவாடை தாவணியைக் கொடுத்தாள். பேச்சியம்மாள் கெட்ட மனசுக்காரி இல்லை. அன்று அவள் சொன்னது எல்லாம் மனசாரச் சொன்னதுதான். தேவானை தாவணி கட்டிக்கொண்டு மாடிப் படியில் ஏறியும் இறங்கியும் பார்த்துச் சிரித்தாள்.

அந்த மழையில்தான் பேச்சியம்மாளுக்கு அந்த யோசனை வந்திருக்க வேண்டும்.

பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் சுப்புராயன் படுத்துவிட்டார். இருமல், காய்ச்சல், ரத்தம். தாம்பரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரிக்‌ஷா கை மாறியது. கன்னியம்மா இன்னும் இரண்டு வீடு பிடித்தும் போதவில்லை. பெரிய பெண்ணைப் பள்ளிக்கூடம் அனுப்பி என்ன ஆகப்போகிறது என்று குடிசையில் எல்லோரும் கேட்டார்கள். விஷயம் பேச்சியம்மாள் காதுக்கு வந்தது. அவள் கன்னியம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினாள். தேவானை தினமும் காலையில் வந்து மீனாட்சியைப் பள்ளிக்குத் தூக்கிப் போக வேண்டும், சாயங்காலம் கூட்டி வர வேண்டும், இடைப்பட்ட நேரத்தில் வீட்டில் கூடமாட ஒத்தாசை செய்ய வேண்டும், மூன்று வேளைச் சாப்பாடு, மாசச் சம்பளம், தீபாவளிக்குத் துணி என்று பேசி முடித்தார்கள். கன்னியம்மா கண்ணீர் விட்டுக் கும்பிட்டாள்.

பேச்சியம்மாள் இதை மகளிடம் நல்ல செய்தியாகச் சொன்னாள். "இனிமே அவ எப்பமும் உன்கூடத்தாம்ட்டி இருப்பா."

மீனாட்சிக்கு அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. பன்னிரண்டு வயசுப் பெண்ணுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தெரியவில்லை. பிற்பாடு எத்தனையோ வருஷம் அவளை உறுத்தியது அந்தச் சந்தோஷம்தான்.

எதிர்த்துப் பேசியது சுலோச்சனா டீச்சர் ஒருவர்தான். அவர் ரங்கநாதன் தெரு வீட்டுக்கே தேடி வந்தார். இன்னும் ஒரு வருஷம் விட்டால் அந்தப் பெண் சரளமாகப் படித்துவிடுவாள், இப்போது நிறுத்தினால் கற்றது அத்தனையும் போய்விடும் என்றார். பொன்ராஜ் கடையில் இருந்தார். பேச்சியம்மாள்தான் பதில் சொன்னாள்.

"எங்களால ஒரு குடும்பம் சாப்பிடுது டீச்சர். வருசா வருசம் பெயிலாகுத பிள்ள. படிச்சு என்ன கலெக்டரா ஆகப் போறா?"

சுலோச்சனா டீச்சரிடம் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட வழி இல்லை. காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

முதல் நாள் தேவானை மீனாட்சியை வழக்கம் போல வகுப்புவரை தூக்கிவந்து கடைசி பெஞ்சில் உட்கார வைத்தாள். பழக்கத்தில் தானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். வருகைப் பதிவில் அவள் பெயர் இல்லை. டீச்சர் பெயர்கள் படித்து முடித்த பிறகு, தேவானை எழுந்து, பாவாடையைத் தட்டிக்கொண்டு வெளியே போனாள்.

வீட்டில் பேச்சியம்மாள் அவளிடம் பக்குவமாகச் சொல்லியிருந்தாள், நாலு பேர் முன்னால் வா போ என்று பேசக்கூடாது என்று. அந்த வாரமே 'மீனா' என்பது 'பாப்பா' ஆயிற்று. 'ஏறு' என்பது 'ஏறுங்க' ஆயிற்று. மீனாட்சி முதலில் சிரித்தாள், விளையாடுகிறாள் என்று நினைத்து. பிறகு கோபித்துக்கொண்டாள். "அம்மா திட்டுவாங்க பாப்பா" என்றாள் தேவானை. கொஞ்ச நாளில் இருவருக்கும் அது பழகிப்போனது.

வகுப்புப் பெண்களுக்கும் பழகிப்போனது. போன மாசம்வரை தேவானையோடு பாண்டி ஆடியவர்கள், சாயங்காலம் அவள் வாசலில் வந்து நின்றதும், "மீனாட்சி, உன் ஆயா வந்துட்டா" என்றார்கள். ஒருநாள் தேவானை அப்படிச் சொன்ன ஒரு பெண்ணைப் பளாரென்று அறைந்துவிட்டாள். பெரிய ரகளையானது. பேச்சியம்மாளை வரவழைத்து, இனி இவள் யார் மேலாவது கை வைத்தால் உங்கள் பெண்ணையும் வைத்துக்கொள்ள முடியாது என்றார்கள். அன்று மாலை பேச்சியம்மாள் திட்டினாள், வேலையை விட்டு நிறுத்துவேன் என்றாள். தேவானை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். அவளை ஆயா என்று சொன்னபோது மீனாட்சியும் அங்கேதான் இருந்தாள். அவள் அதை மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேவானை அப்போது வேறு யாரையும் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தாள்.

அதற்குப் பிறகு தேவானை யாரையும் அடித்ததில்லை.

படிப்பு உடனே நின்றுவிடவில்லை. கொஞ்ச காலம் வழியில் பலகைகளைப் படித்தாள். தேர்தல் வந்தால் சுவரெல்லாம் ஆள் உயர எழுத்துகள், அவற்றைப் படிப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது. ஆனால் பகல் முழுக்கப் பாத்திரக் கடைக்கு மேல் வீட்டில் வேலை இருந்தது. மாவு ஆட்ட வேண்டும், துணி துவைக்க வேண்டும், கடை ஆட்களுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மீனாட்சி ஒன்பதாவது, பத்தாவது என்று போகப்போக, அவளுக்கும் மூச்சுவிட நேரமில்லை. ஒருநாள் சாயங்காலம் மீனாட்சி பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, தேவானை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு பழைய பாடப் புத்தகத்தைப் பிரித்து ஒரு வரியில் விரல் வைத்தாள்.

"இது இன்னா எய்த்து பாப்பா? முன்ன தெரிஞ்சிது. இப்ப மறந்துபூட்ச்சி."

நாளைக்குச் சொல்கிறேன், இப்போது தொந்தரவு பண்ணாதே என்று மீனாட்சி நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள். தேவானை புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் பால் காய்ச்சப் போனாள். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. மீனாட்சியும் சொல்லித்தரவில்லை.

மீனாட்சி பள்ளியிறுதித் தேர்வில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள். பத்திரிகையில் எண் வந்ததும் பொன்ராஜ் கடையில் லட்டு கொடுத்தார். தேவானை ஒரு தட்டில் லட்டுகளை வைத்துக்கொண்டு தெருவில் கடை கடையாக ஏறி, எங்க பாப்பா பஸ்ட்டு என்று சொல்லிக் கொடுத்து வந்தாள். அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியில் ஒரு துளி பொய் இல்லை என்பதை மீனாட்சி பார்த்தாள்.

அந்த ஆடி கழிந்ததும் தேவானைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கட்டட வேலை செய்பவர், கரையில் அடுத்த வரிசைக் குடிசை. பேச்சியம்மாள் பெரிய எவர்சில்வர் குடம், அண்டா, புடவை என்று தாராளமாகவே செய்தாள். மீனாட்சி கல்யாணத்துக்குப் போகவில்லை. ஆற்றங்கரைச் சேற்றில் அந்தக் காலோடு எப்படிப் போவாய் என்று வீட்டில் தடுத்தார்கள். தூக்கிப் போகிறவளுக்குத்தான் அன்று கல்யாணம்.

மீனாட்சி ஆசிரியப் பயிற்சி முடித்து, ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். கைத்தடி ஊன்றி நடக்கப் பழகியிருந்தாள், ரிக்‌ஷாவில் போய் வந்தாள். எழுபத்தாறு கடைசியில் அடையாற்றில் வெள்ளம் வந்து கரைக் குடிசைகளை வாரிக்கொண்டு போனது. பொன்ராஜ் முருகையனை அனுப்பி விசாரித்தார். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் அந்த வரிசைக்காரர்களை எல்லாம் லாரியில் ஏற்றிக் கொடுங்கையூர் பக்கம் எங்கோ கொண்டுபோய் விட்டார்கள் என்று முருகையன் வந்து சொன்னார். சுப்புராயன் அதற்கு முன்பே தவறிவிட்டார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு எழுபத்தொன்பதில்தான் மீனாட்சி அவளைப் பார்த்தாள். பள்ளிக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பழைய பங்களாவை இடித்துவிட்டு மாடி மாடியாக வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் மீனாட்சி ரிக்‌ஷாவுக்காக நின்றிருந்தபோது, ஒரு சித்தாள் தலையில் ஜல்லிச் சட்டியோடு சாரத்தில் ஏறிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து பார்த்த மாத்திரத்தில் அந்தத் தோள் மீனாட்சிக்குத் தெரிந்துவிட்டது. ஆறு வருஷம் பிடித்துக்கொண்டு போன தோள் அது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

தேவானை இறங்கி வந்தாள். கறுத்து, கன்னம் ஒட்டி, முன்பல் ஒன்று போயிருந்தது. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மீனாட்சியின் காலைத்தான் முதலில் பார்த்தாள்.

"தனியா நடக்குறீங்களாம்மா? நல்லாருங்க."

கன்னியம்மா அவளோடுதான் இருக்கிறாள், கண் தெரியவில்லை என்றாள். புருஷன் வேலை இருந்தால் வருவான். ஒரே பெண், ஐந்து வயது. வேலை நடக்கிற இடத்துக்கு எல்லாம் கூடவே வருகிறாள். கூப்பிட்டதும் மணல் குவியலிலிருந்து அந்தக் குழந்தை வந்து அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது. பெயர் ரத்னா.

 இந்தக் குழந்தையை நான் என் பள்ளியில் சேர்த்துக்கொள்கிறேன், சம்பளம் கட்ட வேண்டாம், என் வகுப்பிலேயே என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன், எதற்கும் நீ கவலைப்படாதே என்று மீனாட்சி ஒரே மூச்சில் சொன்னாள்.  தேவானை குழந்தையின் தலையிலிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

"வாணாம்மா" என்றாள்.

"ஏன் தேவானை?"

"பெரிய எடத்துப் புள்ளைங்க படிக்கிற ஸ்கூலு. மொதல்ல கூட ஒக்கார வெப்பாங்க. அப்பால ஒரு வேல சொல்லுவாங்க, இன்னொரு வேல சொல்லுவாங்க. இவளும் செய்வா. எனுக்குத் தெரியாதா?"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். அவசரமாக மீனாட்சியின் கையைத் தொட்டாள்.

"ஒங்கள சொல்லலம்மா. எங்கூட்டாண்டயே கார்ப்பரேஷன் ஸ்கூல் ஒண்ணு கீது. அதுல சேத்துட்றேன்."

மீனாட்சி தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று நான் பேசியிருக்க வேண்டும் என்று சொல்ல வாய் வந்தது. எந்த அன்று என்று தேவானை கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. டீச்சர் வந்து காப்பி குடித்துவிட்டுப் போன அன்றா, ஆயா என்று சொன்ன அன்றா, புத்தகத்தில் விரல் வைத்துக் கேட்ட அன்றா? மேஸ்திரி மேலேயிருந்து சத்தம் போட்டார். தேவானை வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் மீனாட்சி அவளைப் பார்த்தாள், தூரத்திலிருந்து இருவரும் சிரித்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை போனபோது தளம் போட்டு முடித்திருந்தார்கள், ஆட்கள் யாரும் இல்லை. மேஸ்திரியைத் தேடிப் பிடித்து விசாரித்தாள். அந்தக் கூட்டம் அம்பத்தூர் பக்கம் ஒரு கம்பெனிக் கட்டட வேலைக்குப் போய்விட்டது, இனி எங்கே போவார்கள் என்று தனக்கே தெரியாது என்றார். ஒருநாள் லீவு போட்டுவிட்டு, முருகையனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கொடுங்கையூர் பக்கம் போய், பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்டு, அங்கே ரத்னா என்ற ஐந்து வயதுக் குழந்தை சேர்ந்திருக்கிறதா என்று கேட்டாள். ரத்னாக்கள் இருந்தார்கள். தேவானையின் ரத்னா இல்லை.

அதுவரை அவள் வீட்டில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. அன்றிரவு சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னாள், தேவானையைப் பார்த்தேன், சித்தாள் வேலை செய்கிறாள் என்று. பேச்சியம்மாளுக்கு நிஜமாகவே சந்தோஷம். அவள் எப்படி இருக்கிறாள், எத்தனை குழந்தை என்றெல்லாம் கேட்டாள்.

"வெயில்ல கல்லு மண்ணு சுமக்கதுக்கு இங்க வரச் சொல்லியிருக்கலாமேட்டி. நம்ம வீட்லயும் வேலைக்கு நல்ல ஆள் இல்ல."

மீனாட்சி சோற்றிலிருந்து கையை எடுத்தாள்.

"அவ என்கூடப் படிச்சவம்மா" என்றாள்.

"தெரியும்ட்டி, அதுக்கென்ன?" என்றாள் பேச்சியம்மாள். ரசம் விடட்டுமா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் விட்டாள்.